விசா பாதி, ரணம் பாதி

பத்துப் பேர் எதிரில் வாயை விட்டால் என்ன ஆகும் என்று டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரைக் கேட்க வேண்டும். அவருடைய இருபத்திரண்டாவது கல்யாண நாள். கேக் வெட்டியாயிற்று. கைதட்டல் ஓய்ந்த நேரம் பார்த்து, "இந்த வருஷம் இவளை வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்!" என்று அறிவித்துவிட்டார். மறுபடியும் கைதட்டல். அதற்காகத்தான் சொன்னதே. கேக் தீர்வதற்குள் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தார்.

எல்லோரும் மறந்துதான் போனார்கள், ஒரே ஒருத்தியைத் தவிர.

அவர் மனைவி பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருக்கிறவள். ஒருத்தர் ஒரு தடவை பல்வலி என்று வந்துவிட்டால் போதும், ஆறு மாதம் கழித்தும் போன் போட்டு, "அந்தக் கடைவாய்ப் பல் இப்ப எப்படி இருக்கு?" என்று விசாரிப்பாள். அவளிடம் போய் வாக்குக் கொடுக்கலாமா? மறுநாள் சாப்பாட்டு மேஜைமேல் தட்டு வைக்க இடமில்லை. எங்கே பார்த்தாலும் சுற்றுலா விளம்பரத் தாள்கள். மூன்றாம் நாள் நாடு முடிவாகிவிட்டது. கடல், மலை, பழைய கோட்டை. பத்து நாள்.

மாஸ்டருக்கு வெளிநாட்டோடு ஒரு சண்டையும் இல்லை. விமானத்தோடுதான்.

பயிற்சிக் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். முப்பது வருஷமாக அதன்மேல் காலை வைத்துப் பிழைத்தவர் அவர். பஸ்ஸில் போனாலும் அந்தக் கால் தரையை அழுத்தும். லிஃப்ட்டில் இறங்கினாலும் அழுத்தும். விமானமோ முன்பின் தெரியாத ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டுகிற வண்டி. மாஸ்டருக்கு அதில் பிரேக்கும் கிடையாது, ஓரமாக நிறுத்தச் சொல்லவும் முடியாது.

ஆனால் ஊருக்கெல்லாம், "பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல" என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிற மனுஷன், தனக்கே பயம் என்று பெண்டாட்டியிடம் எந்த முகத்தோடு சொல்வார்? ஏறினால் உயிர் போகும், ஏறாவிட்டால் மானம் போகும். பாழாய்ப்போன மானம் விமானத்துக்குள்ளேயே அல்லவா உட்கார்ந்திருக்கிறது!

ஆகவே ஒரு திட்டம் போட்டார். 'வேண்டாங்க, போக வேண்டாம்' என்று அவள் வாயாலேயே வர வேண்டும். இவர் ஒரு பெருமூச்சு விட்டு, 'சரி, உன் இஷ்டம்' என்று விட்டுக்கொடுக்க வேண்டும்.

அதற்கு ஆள் பிடித்தார். மாடி வீட்டு இன்சூரன்ஸ் ஏஜென்ட் இரண்டு முறை வெளிநாடு போனவர். போதாததற்குப் பயமுறுத்துவதே அவர் தொழில். தினமும் சாயங்காலம் அவரிடம் ஒரு பயத்தை வாங்கிக்கொண்டு படியிறங்குவார் மாஸ்டர்.

"பாஸ்போர்ட்ல ஆறு மாசம் பாக்கி இருக்கணுமாம். இல்லன்னா ஏர்போர்ட்லயே திருப்பி அனுப்பிடுவாங்களாம்."

"ரெண்டுலயும் மூணு வருஷம் இருக்கு. பார்த்துட்டேன்."

"என் பிரஷர் மாத்திரையைச் சும்மா எடுத்துட்டுப் போக முடியாதாம். பிடிச்சுக்குவாங்களாம்."

"டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கியாச்சு. மாத்திரை அட்டையோடவே இருக்கணும், பிரிச்சு டப்பால போடக்கூடாது. அதையும் கேட்டுட்டேன்."

"அங்க பிளக் பாயின்ட்டே வேற மாதிரியாம்! போன் சார்ஜ் போட வழியில்ல. ஊர் பேர் தெரியாத இடத்துல தொலைஞ்சு போனோம்னா?"

"அடாப்டர் வாங்கிட்டேன். எல்லா நாட்டுக்கும் பொருந்துமாம். பொருந்தாம நிக்கிறது நீங்க ஒருத்தர்தான்."

தடுப்பூசி என்றார். அவள் சட்டைக்கையை மடித்துக் காட்டினாள், போட்டாயிற்று. பெட்டி எடை என்றார். கட்டிலடியிலிருந்து எடை மிஷினை இழுத்தாள், ஒன்றரைக் கிலோ குறைவாகவே இருந்தது. அத்தனை காகிதத்துக்கும் மூன்று நகல் எடுத்து, ஒன்றைப் பெட்டியிலும் ஒன்றைக் கைப்பையிலும் வைத்து, மூன்றாவதை மாடி வீட்டு ஏஜென்ட்டிடமே கொடுத்துவைத்திருந்தாள். அந்த மனிதர் அதைப் பற்றி மாஸ்டரிடம் மூச்சுவிடவில்லை. பயணக் காப்பீடு அவரிடம்தான் எடுத்தாளாம். துரோகி!

மிச்சம் ஒரே ஓர் ஆயுதம்தான். விசா பேட்டி.

"சாதாரணமா நினைக்காதே. விசாரணைங்கிறதுல பாதி விசா, மீதி ரணம். திணறினா முடிஞ்சது. ஞாயித்துக்கிழமை ஒத்திகை பார்க்கலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹாலில் மேஜை போட்டு, கோட்டு மாட்டி, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி காகிதக் கட்டோடு எதிரில் வந்து நின்றாள்.

"எங்க நாட்டுக்கு எதுக்கு வர்றீங்க?"

"சுத்திப் பார்க்க, சார்."

"ஏன், உங்க நாட்டுல பார்க்க ஒண்ணும் இல்லையா?"

"நிறைய இருக்கு சார். ஆனா எங்க வீட்டுக்காரர் நாப்பதுக்கு மேல வண்டி ஓட்ட மாட்டார். எல்லாத்தையும் பார்த்து முடிக்க இந்த ஆயுசு பத்தாது."

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "திரும்பி வருவீங்கங்கிறதுக்கு என்ன உத்தரவாதம்?"

"வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பினா, அடுப்பை அணைச்சோமான்னு ஒரு சந்தேகம் வரும் சார். அது ஒண்ணு போதும், ஓடி வந்துடுவேன்."

ஏழு கேள்வி கேட்டார். ஏழுக்கும் பதில் தயாராக இருந்தது. நிஜ ஆபீசராக இருந்தால் எழுந்து நின்று கைகொடுத்திருப்பார்.

"சரி, எழுந்திரிங்க. இப்ப நான் ஆபீசர், நீங்க வந்திருக்கிறவர்" என்றாள் அவள்.

கேட்கிற இடத்திலேயே முப்பது வருஷம் உட்கார்ந்தவருக்குச் சொல்கிற இடம் புதிது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்ததுமே கால் தரையில் பிரேக்கைத் தேடியது. அவளோ ஆஸ்பத்திரிக் குரலுக்கு மாறிவிட்டாள். எப்பேர்ப்பட்டவரையும் வாயைத் திறக்க வைக்கிற அந்த மெத்தென்ற குரல்.

"பயப்படாதீங்க. ஒரு நிமிஷம்தான், வலிக்காது. இதுக்கு முன்னாடி விமானத்துல போயிருக்கீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"சந்தர்ப்பம் அமையல."

"அமைஞ்சப்பல்லாம் உங்களுக்கு ஜுரம் வந்துச்சே. உங்க தம்பி கல்யாணத்துக்குக்கூட ரெண்டு நாள் ரயில்ல போய், தாலி கட்டினப்புறம்தானே போய்ச் சேர்ந்தோம்?"

"அது... வந்து..."

"நல்லாத் திறங்க வாயை. இன்னும் கொஞ்சம்."

மாஸ்டருக்குள் ஏதோ ஒன்று பட்டென்று அறுந்தது.

"எனக்குப் பயமா இருக்குடி! பிரேக் இல்லாத இடத்துல உட்கார என்னால முடியல. நீயே வேண்டாம்னு சொல்லுவேன்னுதான் தினமும் ஒண்ணு ஒண்ணா வந்து சொன்னேன். நீ அசையவே இல்ல. கடைசியா பேட்டியில தப்புத்தப்பாப் பேசி விசா கிடைக்காமப் பண்ணிடலாம்னு இருந்தேன்."

சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டார். அவள் சிரிப்பாள் என்று நினைத்தார். சிரிக்கவில்லை. மேஜையைச் சுற்றி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இருபத்திரண்டு வருஷமா இதை வாயைத் திறந்து சொல்லலையே! எனக்கு எருமை மாட்டைப் பார்த்தாப் பயம். நான் சொல்லல?"

"கேவலமா இருந்துச்சு."

"அப்புறம் ஒரு விஷயம். பேட்டியே கிடையாதுங்க. எல்லாம் கம்ப்யூட்டர்ல அனுப்பினா போதும். விசா போன வாரமே வந்தாச்சு. நீங்க ஆசையா ஒத்திகைன்னு சொன்னீங்க. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

மாஸ்டரின் கடைசி ஆயுதமும் கைநழுவியது. ஆனாலும் ஆச்சரியம், மார்பில் ஏற்றிவைத்த பாரம் ஒன்று இறங்கினாற்போல இருந்தது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப சொல்லுங்க. எப்படி உட்கார்ந்தா உங்களுக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்? ஜன்னல் ஓரமா?"

"ஐயோ, கீழே தெரியுமே! வேண்டாம்."

"நடக்கிற வழி ஓரமா?"

"அங்க ஒரு பக்கம் காலியால்ல இருக்கும்! நடுவுல இருந்தாப் பரவாயில்ல. ரெண்டு பக்கமும் நம்ம ஆளுங்க இருந்தா, கையையாவது பிடிச்சுக்கலாம்."

"ரெண்டு பக்கமும் நம்ம ஆளுங்க. நிச்சயமா? அப்புறம் மாத்திப் பேசக்கூடாது."

"மாத்தவே மாட்டேன். நீ மட்டும் அப்படி ஏற்பாடு பண்ணு, நான் சத்தமில்லாம ஏறிடறேன்."

அவள் எழுந்துபோய் பீரோவைத் திறந்தாள். மூன்று பாஸ்போர்ட்டோடு வந்தாள். மூன்றாவதைப் பிரித்தார் மாஸ்டர். படத்திலிருந்து அவரை முறைத்தது சாட்சாத் அவர் மாமியார். மருமகனிடம் கார் கற்றுக்கொள்ள வந்து, மூன்றாம் நாளே மருமகனுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்த அதே அம்மையார். அச்செடுத்த விசாத் தாளும் உள்ளே பளபளவென்று செருகியிருந்தது.

"ஒரு மாசமா இதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சுட்டிருந்தேங்க" என்றாள் மனைவி. "நல்லவேளை, நீங்களே வாயைத் திறந்து கேட்டுட்டீங்க."