எம்.பி.எஃப்.ஐ. ராஜமாணிக்கம்

"வண்டி குலுங்குதுங்க," என்றாள் மனைவி செல்வநாயகி.

"இன்ஜெக்டர்ல லேசா அடைப்பு. வேற ஒண்ணுமில்ல," என்றார் ராஜமாணிக்கம். அதையும் பெருமையாகத்தான் சொன்னார். இன்ஜெக்டர் இருந்தால்தானே அடைத்துக்கொள்ளும்?

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிச் சூளையில் இருபத்தாறு வருஷமாக பர்னர் பார்ப்பவர் அவர். தீயின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவார். போன வருஷம் பழைய வெள்ளைக் கார் ஒன்று வாங்கினார். இரண்டாம் வாரம் கழுவும்போதுதான் பின்பக்கம் வெள்ளி எழுத்தில் 'எம்.பி.எஃப்.ஐ.' என்று இருப்பது கண்ணில் பட்டது.

"எம்.பி.எஃப்.ஐ.ன்னா இன்ஜெக்டர் வண்டி! வித்தவனுக்கே இதோட அருமை தெரியல பாரு!" என்று தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். அன்றிலிருந்து டீக்கடையில் தினமும் பாடம். "கார்புரேட்டர்னா பெட்ரோலயும் காத்தயும் சும்மா கலந்து விடும். இன்ஜெக்டர்னா நம்ம சூளை பர்னர் மாதிரி, பீய்ச்சி அடிக்கும்!"

இன்று வேப்பூரில் மகனுக்குப் பெண் நிச்சயம். பத்தரைக்குள் தட்டு மாற்ற வேண்டும். மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு பின்னால் வருவது மைத்துனன் காத்தவராயனின் பழைய கார்புரேட்டர் கார். 'சம்பந்தி வூட்டு வாசல்ல என் வண்டிதான் முதல்ல நிக்கணும்' என்று காலையிலேயே அவனிடம் சொல்லிவிட்டார்.

பெட்ரோல் பங்கில் நிறுத்தி, இன்ஜெக்டர் கிளீனர் இரண்டு பாட்டில் வாங்கி, ஒன்றை டாங்கில் ஊற்றினார்.

"பழப்பை கால இடிக்குதுங்க," என்றாள் செல்வநாயகி.

"டாஷ்போர்டுக்குக் கீழ கொக்கி இருக்குதே, அதுல மாட்டு."

அந்தக் கறுப்புக் குமிழில் ஏற்கெனவே வெற்றிலை பாக்குப் பை தொங்கியது. பழப்பையும் ஏறிக்கொண்டது.

இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் வண்டி விக்க ஆரம்பித்தது. பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது.

"அப்பா, எறங்கிப் பாக்கலாமா?" என்றாள் பின்சீட்டிலிருந்த மகள் கயல்விழி.

"இன்ஜெக்டர் நாசில் ஒழுகுது. இன்னொரு பாட்டில் ஊத்துனா அடங்கிடும்."

ஊற்றினார். "தேங்காய்ப் பை உருளுதுப்பா" என்றாள் கயல்விழி. அதையும் வாங்கிக் கொக்கியில் மாட்டினார்.

இப்போது புகை கறுப்பாக வந்தது. "அடைப்பு வெளிய வருது!" என்று ஆக்சிலேட்டரை ஏறி மிதித்தார். பின்னால் காத்தவராயனின் கார் புகைக்குள் காணாமல் போனது. வேப்பூர் எல்லைக்கு வந்ததும் வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றே விட்டது.

மணி பத்தே கால். ராஜமாணிக்கம் சாவியைத் திருகித் திருகிப் பார்த்தார். போயும் போயும் கார்புரேட்டர் வண்டியில் தொற்றிக்கொண்டு போய் சம்பந்தி முன்னால் இறங்குவதா?

காத்தவராயன் முகத்தில் கரியோடு வந்து எட்டிப் பார்த்தான். மூன்று பைகளையும் கழற்றி அக்காவின் மடியில் வைத்தான். குமிழை உள்ளே தள்ளினான்.

"இப்ப ஆக்சிலேட்டர நல்லா மிதிச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க மாமா."

கொஞ்ச நேரம் முக்கிவிட்டு வண்டி பிடித்துக்கொண்டது. குலுக்கல் இல்லை. புகை இல்லை.

"கொக்கியில என்னப்பா பண்ணுன?"

"இது கொக்கி இல்ல மாமா, சோக்கு. இத இழுத்தா இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலா போவும். பை கனத்துல முழுசா வெளிய வந்துடுச்சி. என் வண்டியிலயும் இதேதான் இருக்குது. சோக்கு இருந்தாலே கார்புரேட்டர் வண்டிதான் மாமா. நீங்களே முன்னாடி போங்க."

ராஜமாணிக்கம் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். "யாருகிட்ட சொல்ற? பின்னாடி வந்து பாரு! எம்.பி.எஃப்.ஐ.னு வெள்ளி எழுத்துல பொறிச்சிருக்குதா இல்லியா?"

கயல்விழி தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னாள். "அப்பா, வண்டி வாங்குன மொத வாரம் நான் பழகுறப்ப பின்பக்கத்த காம்பவுண்டு சுவத்துல இடிச்சிட்டேன்; அந்தக் கீறல மறைக்க பஸ் ஸ்டாண்டு ஸ்டிக்கர் கடையில தேடுனதுல, நீளத்துக்கு அந்த எழுத்து ஒண்ணுதான்பா சரியா இருந்துச்சி."