சின்ன ர, பெரிய ற

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு,

இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று தோன்றுவதால் எழுதுகிறேன். இங்கு யாவரும் நலம். அங்கு என் தங்கை நலமாக இருப்பாள் என நம்புகிறேன். உங்கள் நலத்தைப் பற்றிக் கடிதத்தின் முடிவில் யோசிக்கிறேன்.

வருடக்கணக்காகக் கடற்கரையில் ஒரே பாறைமேல் உட்கார்ந்து, அலை திரும்பிப் போனபின் ஈரமணல் என்னென்ன நிறமாகிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்தவன் நான். முதலில் ஈயநிறம், பிறகு பழுப்பு, இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சு விடும் நேரத்துக்கு வானத்தின் நிறம். அந்த நடு நிறத்தைப் பிடிக்கத்தான் இத்தனை பாடு. நண்டுகள்கூட என்னைக் கண்டு ஓடுவதை நிறுத்திவிட்டன. அந்தப் படத்தைப் பார்த்து நீங்கள், "என்ன மச்சான், காலி மனை மாதிரி இருக்கு, வேலி போடலையா?" என்றீர்கள். பொறுத்துக்கொண்டேன். என் ஓவியத் தாங்கியில் ஈரத்துண்டைக் காயப்போட்டீர்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஓவியக் கண்காட்சிக்கு நீங்கள் செயலாளர் ஆனதையே பொறுத்துக்கொண்டவன் நான். ஆனால் 'கரை' என்று நான் பெயர் வைத்த படத்தின் கீழே 'கறை' என்று கொட்டை எழுத்தில் அட்டை ஒட்டினீர்களே, அதை எப்படிப் பொறுப்பது? போன் செய்து கேட்டால், "சின்ன ரவோ பெரிய றவோ, படிக்கும்போது ஒண்ணுதானே மச்சான், யாரு கவனிக்கப் போறா?" என்றீர்கள்.

கவனித்தார்கள். கண்காட்சிக் கூடத்தைத் துடைக்கும் அம்மா கவனித்தார். படத்துக்குக் கண்ணாடி போட்டால் கடலுக்கு மூச்சு முட்டும் என்று நான் போடாமல் கொடுத்திருந்தது அவருடைய ஈரத்துணிக்கு வசதியாகப் போயிற்று. நான் போய் நின்றபோது வலது மூலையில் பாதி மணலைக் காணோம், என் கையெழுத்தையும் காணோம். "கறைன்னு எழுதி ஒட்டியிருந்துச்சு சார், அதான் துடைச்சேன். எவ்ளோ தேய்ச்சும் முழுசாப் போகல, பொல்லாத கறை" என்றார். பக்கத்தில் நின்ற நடுவரோ, "மனித மனத்தின் கறை! அழிக்கப் பார்த்துத் தோத்த தடம்கூடத் தெரியுது பாருங்க" என்று உருகிக்கொண்டிருந்தார். "அது மணல் சார்" என்றேன். "ஓவியம் பார்க்கப் பழகணும் தம்பி" என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

ஆகவே, பரிசை அறிவிப்பதற்கு முன் அட்டையில் சின்ன ர வந்தாக வேண்டும். நான் வரைந்தது கரை. கறை என்ற பெயரில் வரும் எந்தப் பெருமையும் எனக்கு வேண்டவே வேண்டாம். மாற்றாவிட்டால் உங்கள் வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்.

தங்கைக்கு என் ஆசிகள். உறவு முறைக்காக உங்களுக்கும் கொஞ்சம்.

இப்படிக்கு,

பி.கு.: பெயரை எழுதப் போன நேரத்தில் தங்கை போன் செய்தாள். "அண்ணா, கறைக்குத்தான் முதல் பரிசாம். ஆனா கையெழுத்து இல்லாத படத்துக்குக் குடுக்க முடியாதாம். உங்களைக் கூப்பிடச் சொன்னா, மச்சான் கோவத்துல இருக்கார்னு இவர் முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்" என்றாள். மாப்பிள்ளை, அட்டையைத் தொட வேண்டாம். உற்றுப் பார்த்தால் பெரிய ற கம்பீரமாகத்தான் இருக்கிறது. காலையில் தூரிகையோடு வந்து படத்தில் கையெழுத்துப் போடுகிறேன். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வராததால் இதைத் தபாலில் சேர்க்கிறேன். ஆனால் இதில் கையெழுத்துப் போடுவதாக இல்லை. உங்கள்மேல் பொறாமை கொண்ட யாரோ எழுதியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.