ரசமட்டம் ஜகந்நாதன்

கொத்தனார் சுவர் எழுப்பும்போது அதன் தலையில் ஒரு கட்டையை வைத்து, அதற்குள் இருக்கும் குமிழி நடுவில் நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாரே, அதற்கு ரசமட்டம் என்று பெயர். கொத்தனார் பார்த்து முடித்ததும் கட்டையைப் பைக்குள் போட்டுவிட்டு அடுத்த செங்கல்லை எடுப்பார். செங்கல்லைத் தொடாமல் குமிழியையே பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்கள் சிலர் உண்டு. பேச்சு அவர்களைப் பற்றியது.

நீங்கள் அவர்களைப் பார்த்திருக்கிறீர்கள். கல்யாணப் பந்தியில் எல்லா இலைக்கும் அப்பளம் ஒன்றுபோல விழுந்திருக்கிறதா என்று எண்ணிக்கொண்டே போய், எந்த இலைக்கும் சோறு வரவில்லை என்பதைக் கடைசி இலையில் கவனிப்பவர். டவுன் பஸ்ஸில் இடது பக்கம் கூட்டம் அதிகமென்று நாலு பேரைக் கெஞ்சி வலது பக்கம் நகர்த்திவிட்டு, தான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டை விடுபவர். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று மணிக்கொரு தரம் கல் கட்டிய கயிற்றை இறக்கிப் பார்த்து, குளிக்க மறந்து ஆபீசுக்குப் போகிறவர். இவர்கள் கெட்டவர்களா? சத்தியமாக இல்லை. கெட்டவர்களாக இருந்தால் இத்தனை தொல்லை இருக்காது.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி 1992-ல் இராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருந்தார். பெயர் ஜகந்நாதன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் காலை ஏழே முக்கால் பஸ்ஸில் வருவார். நெற்றியில் திருமண் இம்மியும் கோணாது. சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒன்றில் மை குறைந்தால் மற்றதிலிருந்து சொட்டு விட்டுச் சமன் செய்துகொள்வார். அவர் வீட்டு அடுக்களையில் அரிசிக்கு நாலு டின். நாலிலும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. மாதக் கடைசியில் அவர் மனைவி பத்மாசனி ஒருமுறை, "நாலு டின்லயும் அரிசி இருக்கு, உலை வைக்கற அளவுக்கு ஒண்ணுலயும் இல்லே. இதை நான் எங்கே போய்ச் சொல்றது?" என்று கேட்டாள். நாலிலும் இருக்கிறது என்ற முதல் பாதி மட்டும் அவர் காதில் விழுந்து, திருப்தியாகத் தலையசைத்தார்.

மில்லுக்கு நாலு இடத்தில் நாலு கம்ப்யூட்டர். பெரிய மில்லில் ஒன்று, சின்ன மில்லில் ஒன்று, சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிப் பிரிவில் ஒன்று, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசில் ஒன்று. இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது தொழிலாளர்களின் பெயர், டோக்கன் நம்பர், வேலை செய்த நாள் எல்லாம் இந்த நாலிலும் பிரித்துப் போடப்பட்டிருந்தன. ஆரம்பத்தில் எந்த ஊர்க்காரர் பெயர் அந்த ஊர்ப் பெட்டியில் என்று சாதாரண புத்தியோடுதான் இருந்தது. மிஷினைப் பூட்டிக் கொடுக்க மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர், போகிற போக்கில், "ஒரே பெட்டியில ரொம்ப ஏத்திராதீங்க, அது திணறும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். அவர் அதை அன்றைக்கே மறந்திருப்பார். ஜகந்நாதன் மறக்கவில்லை.

அன்று முதல் சின்ன மில்லில் அவர் அறைச் சுவரில் ஒரு அட்டை தொங்கியது. அதில் நாலு வண்ணக் காகிதப் பட்டைகள், குண்டூசி குத்தி, தலைக்கு அறுநூற்று அறுபது பெயர் உயரத்தில், நாலு தூண் போல நின்றன. தினமும் காலையில் செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஏசி அறைக்குள் நுழைவார். தன் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு மற்ற மூன்று இடத்துக்கும் போன் போடுவார். கேள்வி இரண்டுதான். "இருக்கா?" "இருக்கு சார்." "எத்தனை?" சொன்ன எண்ணுக்குத் தக்கபடி பட்டையை ஏற்றி இறக்குவார். ஒரு தூண் மற்றதைவிட இருபது பெயர் உயர்ந்துவிட்டால் அவருக்கு அன்று சாப்பாடு இறங்காது. உயர்ந்த இடத்தில் ஒரு கொத்துப் பெயரை உள்ளங்கையகலப் பிளாப்பித் தகட்டில் இறக்கி, பியூன் பேச்சிமுத்துவின் பையில் போட்டு, பஸ்ஸில் அனுப்பி, தாழ்ந்த இடத்தில் ஏற்றச் சொல்வார்.

இதில் அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். பெயர் பிளாப்பியில் ஏறிய மறு நிமிஷம் பழைய பெட்டியிலிருந்து அழித்துவிட வேண்டும். ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருந்தால் கூட்டல் உதைக்கும் அல்லவா? அழிக்காமல் ஒரு பிரதி வைத்துக்கொண்டால் என்ன என்று பெரிய மில் ஆபரேட்டர் ஒருமுறை கேட்டார். ஒரு ஆளுக்கு ஒரு இருப்பிடம்தான் இருக்க முடியும் என்று ஜகந்நாதன் தத்துவம் பேசினார். ஆக, பஸ் ஓடும் நேரமெல்லாம் நாற்பது, ஐம்பது பேர் இந்த உலகத்தில் பேச்சிமுத்துவின் மஞ்சள் பையில் மட்டும் இருந்தார்கள்.

சின்ன மில்லில் நூலைக் கூம்பில் சுற்றும் கோன் வைண்டிங் மிஷின் ஓட்டும் மாடத்தி இராஜபாளையத்தை விட்டுப் போவதெல்லாம் ஆடிப்பூரத் தேருக்குத்தான். அவள் பெயரோ இரண்டு வருஷத்தில் பதினோரு தடவை நாலு ஊரும் சுற்றியிருந்தது. அவளுக்கு இது தெரியாது. தெரிய வேண்டிய நாள் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு ஜெனரல் மேனேஜர் சுயம்புலிங்கம் ஒரு பட்டியலில் கையெழுத்துப் போடப் போகிறார். கடந்த இரண்டு வருஷத்தில் நானூற்று எண்பது நாள் வேலை முடித்த தற்காலிகத் தொழிலாளர்கள் எல்லாரும் நிரந்தரம். யூனியன் ஒப்பந்தம். பெயர் விட்டுப்போனவர்கள் அடுத்த ஒப்பந்தத்துக்கு, அதாவது மூன்று வருஷத்துக்குக் காத்திருக்க வேண்டும். மாடத்தி ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். இந்தப் பெண்ணைப் போல நிலையாக ஒரே மிஷின் முன்னால் நின்ற நிரந்தரத் தொழிலாளி அந்த மில்லில் கிடையாது.

மத்தியானம் நோட்டீஸ் போர்டில் பட்டியலின் நகல் ஒட்டினார்கள். மாடத்தி விரல் வைத்து மேலிருந்து கீழே வாசித்தாள். பிறகு கீழிருந்து மேலே வாசித்தாள். ஒரு மணிக்கு ஜகந்நாதன் அறை ஜன்னலில் நின்றாள்.

அவர் பதறவில்லை. டோக்கன் நம்பரைக் கேட்டுத் தட்டிப் பார்த்தார். சின்ன மில் பெட்டியில் இல்லை. அதனால் என்ன, இன்னும் மூன்று இருக்கிறதே. பெரிய மில்லுக்குப் போன் போட்டார். நேற்றுச் சாயங்காலம் நாற்பது பெயரோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பியாயிற்று என்றார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில், வந்தது சார், ஏற்றினோம், காலையில் நீங்கள்தான் எங்கள் தூண் உயர்ந்துவிட்டதென்று அதே நாற்பதைச் சத்திரப்பட்டிக்குத் தள்ளச் சொன்னீர்கள் என்றார்கள். சத்திரப்பட்டியில், இன்னும் வரவில்லை என்றார்கள். மூன்று போனிலும் பழக்கதோஷத்தில் அவர் "இருக்கா?" என்று முதலில் கேட்டார். மூன்று இடத்திலும் பெட்டி இருந்தது. போனை வைத்துவிட்டு மாடத்தியிடம் மலர்ந்த முகத்தோடு திரும்பினார்.

"கவலைப்படாதீங்கம்மா. நாலு கம்ப்யூட்டரும் நல்லா இருக்கு."

"நாலும் நல்லா இருக்கட்டும் சார்," என்றாள் மாடத்தி. "நான் எதுல இருக்கேன்?"

இந்தக் கேள்வியை இரண்டு வருஷத்தில் யாரும் அவரிடம் கேட்டதில்லை. அட்டையைப் பார்த்தார். நாலு தூணும் அழகாக நின்றன. அதில் ஆள் முகம் எதுவும் தெரியவில்லை. பிறகு, வழியில் இருக்கிறாள், பேச்சிமுத்துவிடம் இருக்கிறாள், சத்திரப்பட்டிக்குப் போய்ச் சேர்ந்ததும் கிடைத்துவிடுவாள் என்று அவளைப் பற்றி அவளிடமே ஆறுதல் சொன்னார்.

"பேச்சிமுத்து அண்ணங்கிட்டயா? அப்பம் சரி. அவிய முட்டுவலிக்காரவ. உக்கார எடமில்லாத பஸ்ஸுல ஏற மாட்டாவ. இந்நேரம் நம்மூரு பஸ் ஸ்டாண்டுல, பஸ் மாறுத எடத்து பெஞ்சுலதான் இருப்பாவ" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பிவிட்டாள். நாலு ஊரைத் தினமும் போனில் கண்காணித்தவருக்குத் தெரியாத ஒரு முழங்கால், கோன் வைண்டிங் ஓட்டுபவளுக்குத் தெரிந்திருந்தது.

மூன்று மணிக்கு இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். பேச்சிமுத்துவுக்கு ஐம்பத்தாறு வயது. பையை மார்போடு அணைத்திருந்தார். "அஞ்சு பஸ்ஸு விட்டேன் சார். ஒண்ணுலயும் எடமில்ல. செங்கோட்டைப் பஸ்ஸு மட்டும் காலியாப் போச்சு" என்றார். ஜகந்நாதனின் மனம் ஒரு கணம் அந்தக் காலிப் பஸ்ஸிலிருந்து சத்திரப்பட்டிப் பஸ்ஸுக்கு எத்தனை சீட்டை மாற்றலாம் என்று கணக்குப் போடப் போய், பிடித்து இழுத்த பிறகுதான் திரும்பி வந்தது.

இப்போது உண்மையான சங்கடம். பிளாப்பி கையில் இருக்கிறது. பெட்டி எதிரே இருக்கிறது. ஏற்றினால் மாடத்தி கிடைத்துவிடுவாள். ஆனால் சின்ன மில் தூண் எழுநூறுக்கு ஏறிவிடும். ஜெனரல் மேனேஜர் மூன்றரைக்கு இந்த அறைக்குத்தான் வருகிறார். நாலு தூணும் சமமாக நிற்கும் அழகைப் பார்க்கத்தான் வருகிறார். ஒரு மாதமாகச் சொல்லிச் சொல்லி ஜகந்நாதனே வரவழைத்தது. ஏற்றிவிட்டு அட்டையை மட்டும் திருத்தாமல் விடலாமே என்கிறீர்களா? அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. இந்த இனத்தோடு மல்லுக்கட்ட முடியாததற்குக் காரணமே அதுதான்.

பேச்சிமுத்து இப்போதே சத்திரப்பட்டிக்குப் போனால், அங்கே ஏற்றி, அங்கிருந்து போனில் வேலை நாள் கணக்கைச் சொல்லி, இங்கே எழுதிக்கொண்டால் ஆயிற்றே என்று மெல்ல ஆரம்பித்தார். மாடத்தி செருப்பை வாசலில் விட்டாள். உள்ளே வந்தாள். பிரிண்டருக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒம்பது வருசமா நின்னுக்கிட்டே வேல பாத்துட்டேன். செத்த நேரம் உக்காருதேன். நீங்க என்னைய இதுல ஏத்துங்க சார். பொறவு எந்த ஊருக்கு வேணாலும் அனுப்பிக்கிடுங்க."

ஜகந்நாதன் குமிழியையும் பார்த்தார், செங்கல்லையும் பார்த்தார். பிளாப்பியைச் சொருகினார். பெட்டி கரகரவென்று யோசித்தது. நாற்பது பெயர் ஏறியது. மாடத்தி: அறுநூற்றுப் பன்னிரண்டு நாள். அவளோடு நானூற்று எண்பதைத் தாண்டியவர்கள் இன்னும் பதினெட்டுப் பேர். அத்தனை பேரும் இரண்டாம் ஷிப்டு. தாங்கள் அன்று காலை முழுதும் உலகத்தில் இல்லை என்பதே அவர்களுக்குத் தெரியாது. பிரிண்டர் சீறி முடித்ததும் அவர் எழுந்து போய், ஒரு துண்டு வண்ணக் காகிதம் வெட்டி, சின்ன மில் தூணின் தலையில் குண்டூசியால் குத்தினார்; சத்திரப்பட்டித் தூணை ஒரு விரல் இறக்கினார். சொந்தக் கையால் சுவரைக் கோணலாக்கிய கொத்தனாரின் முகம் அவருக்கு.

சொன்ன நேரத்துக்குச் சுயம்புலிங்கம் வந்தார். பட்டியலை வாங்கிக்கொண்டார். அட்டையை அண்ணாந்து பார்த்தார். மூன்று தூண் ஏறக்குறைய ஒரே மட்டம், ஒன்று மட்டும் தொப்பி போட்டுக்கொண்டு நின்றது. சத்திரப்பட்டித் தூண் ஒரு விரல் குட்டை என்பதை அவர் கவனிக்கவே இல்லை. ஜகந்நாதனுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

"இது ஏன் ஒண்ணு மட்டும் ஒசரமா இருக்கு?"

ஜகந்நாதன் வாயைத் திறந்தார். இரண்டு வருஷத்து விளக்கத்தை முதல் நாளிலிருந்து தொடங்குவதற்காகத் தன் குறிப்பேட்டின் முதல் பக்கத்தைத் தேடினார். தரையிலிருந்து எழுந்து நின்ற மாடத்திதான் பதில் சொன்னாள்.

"அதுல நாங்க இருக்கோம் சார்."

சுயம்புலிங்கம் அவளைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், பேனாவைத் திறந்து அங்கேயே பிரிண்டர் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். நாலு தூணின் சமத்துவத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜகந்நாதனுக்கு அது பெரிய ஏமாற்றம்.

இந்த அனுபவத்தில் அவர் திருந்தினாரா? திருந்தியிருந்தால் அவரை இங்கே எழுதியிருக்க மாட்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்தத் தொப்பி அவர் கண்ணுக்குள்ளேயே நின்றது. திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அந்த நாற்பது பேரையும் சத்திரப்பட்டிக்கு அனுப்பிவைத்தார். மாடத்தி நிரந்தரமானாள், அவள் பெயர் தற்காலிகமாகவே சுற்றியது. ஷிப்டுக்குப் போகும்போது ஜன்னலில் எட்டிப் பார்த்து அவள் கேட்பாள்: "இன்னைக்கு நான் எங்க சார் இருக்கேன்?" அவர் குறிப்பேட்டைப் புரட்டி, கேலி என்று சந்தேகப்படாமல், "ஸ்ரீவில்லிபுத்தூர்லம்மா" என்பார். "சொகமா இருக்கேனா?" "சௌக்கியமா இருக்கீங்க." அவள் போய்விடுவாள். ஒருத்தியாவது அக்கறையாக விசாரிக்கிறாளே என்று அவர் நெகிழ்ந்துபோவார்.

நல்லவேளை, நாம் அப்படி இல்லை என்று நீங்கள் இந்நேரம் காலை நீட்டிக்கொண்டு சிரித்திருப்பீர்கள். இருக்கட்டும். ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். மாடத்தி பிரிண்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளே, அந்தச் சமயத்தில் நீங்கள், அவள் கதி என்ன ஆயிற்றோ என்ற கவலையா, இல்லை வேறு எதற்கோ, இன்னும் எத்தனை பக்கம் பாக்கி இருக்கிறது என்று ஒரு தடவை புரட்டிப் பார்த்தீர்கள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டீர்கள்.