செவ்வாய்க் கணக்கில் எங்கள் வீதி ரோடு

புதுச்சத்திரம்,
ஞாயிறு.

பெருமதிப்பிற்குரிய மச்சான் செங்கோட்டையன் அவர்களுக்கு, தங்கள் தங்கை சௌந்திரத்தின் வீட்டுக்காரன் வேலுசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், சௌந்திரம், எருமை எல்லோரும் நலம். அங்கே ஃபேர்லேண்ட்ஸில் தாங்களும் அக்காவும் நலமாயிருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் தாங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள், இது நாலு பேர் கேட்கிற விஷயமில்லை.

தாங்கள் சொன்ன வாழப்பாடி இடம், ரோடு கான்ட்ராக்டர் ஜெகதீஸ்வரன் குடும்பம், நேற்று நம் தனப்பிரியாவைப் பெண் பார்க்க வந்தது. பையன் கதிர்வேல் பணிவாகத்தான் இருந்தான், எல்லாம் நல்லபடியாகப் போனது, பஜ்ஜி தீர்ந்ததும் பையனின் அப்பா, "பாப்பா என்ன வேலைங்க பண்றது?" என்றார், இவளுக்கு அது போதாதா, செவ்வாய் கிரகத்துத் தரைக்கு வயது கண்டுபிடிக்கிறேன் என்று ஆரம்பித்துவிட்டாள். வானத்திலிருந்து கல் விழுந்து குழியாகுமாம், குழி அதிகமிருந்தால் பழைய தரையாம், எரிமலைக் குழம்பு வழிந்து மூடிவிட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்தாம், பத்திருபது கோடி வருஷம் முன்னே பின்னே இருந்தாலும் தப்பில்லையாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது, அதுதான் வினை. "அப்பிடீன்னா இந்த ரோட்டுக்கு வயசு சொல்லு சாமி" என்று வாசலைக் காட்டினார். இவளும் போய்க் குழிகளை எண்ணி, ஒட்டுப்போட்ட இடத்தைத் தனியாகக் கழித்து, "பத்து வருசம் இருக்குமுங்க மாமா" என்றாள். அவர் வீட்டம்மா, பாவம், வெள்ளை மனசு. "ஏனுங்க, போன வருசந்தானே இந்த ரோட்டுக்கு பில்லு பாசாச்சுன்னு பழனி போய் மொட்டை போட்டோம்?" என்றார்.

மச்சான், போன வருஷம் எங்கள் வீதியில் ஒரு தார் டின் கூட இறங்கவில்லை என்பது ஊருக்கே தெரியும், நாங்களெல்லாம் வாயை மூடிக்கொண்டு இல்லையா? அவர் காப்பியைக் கூடத் தொடாமல் "தகவல் சொல்லியனுப்பறோமுங்க" என்று காரில் ஏறிவிட்டார். சௌந்திரம் அழுதபடி இருக்கிறாள். பெண்ணைத் திட்டுவதா மெச்சுவதா என்றே எனக்குத் தெரியவில்லை. அவள் சொன்னது சரி, அதுதான் பயமாக இருக்கிறது, இப்படிச் சரியாகச் சொல்கிறவளை யார் கட்டுவார்கள்? தாங்கள் வாழப்பாடி போய், சின்னப்பிள்ளை, கணக்குத் தப்பிவிட்டது, ரோடு புதுசுதான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டு வரவும். முடியாவிட்டால் வேறு இடம் பார்க்கவும். போர்வெல் ரிக் வண்டிக்காரர் வேண்டாம், அங்கேயும் குழி.

குலதெய்வம் தங்கள் குடும்பத்துக்குத் துணையிருக்கட்டும். அக்காவுக்கு என் கும்பிடு.

இப்படிக்கு,
வேலுசாமி

பின்குறிப்பு: வாழப்பாடி போக வேண்டாம். கவரை ஒட்டப்போகும்போது கதிர்வேல் பாப்பாவுக்குப் போன் செய்தான். "உங்க கணக்குத் தப்புங்க. அந்த ரோடு போட்டப்ப நான் ஒம்பதாவது லீவுல எங்கப்பாகூடத் தார் லாரியில வந்து அங்கதான் நின்னேன். பதினாலு வருசமாச்சுங்க" என்றானாம். இவள் குதிக்கிறாள். "செவ்வாய்ல நாங்க எண்ணுன எடத்துல இருந்தே ஒரு கல்லாவது கைக்கு வந்தாத்தான் எங்க கணக்கு சரியான்னு தெரியுமுங்கப்பா. இங்க நேர்ல பாத்தவரே வந்துட்டாரு. அவங்கப்பா சமாச்சாரம்னுகூடப் பாக்காம உள்ளதைச் சொல்றாரு, எனக்கு இவரே போதுங்க" என்கிறாள். கணக்குத் தப்பினதால் கல்யாணமாம், எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முகூர்த்தம் பார்க்கவும். உள்ளதைச் சொல்கிறவர்கள் ஒரே வீட்டில் இரண்டு பேர், சம்பந்தியை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.