திங்கட்கிழமை எட்டு மணி ஸ்ட்ரைக்

"இது உன் கையெழுத்துதானே?"

மேனேஜர் ராமசுவாமி கிதியோனிடம் ஒரு சீட்டை நீட்டினார்.

சனத்நகரில் இருந்த அந்த அரசாங்கத் தொழிற்சாலையில் அவர் பதினொரு வருடமாக ஃபிட்டர். கான்டீன் சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் "இன்னைக்கு நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு வருகிற ஆள். அவர்தான் சீட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: ‘ஸ்ட்ரைக், திங்கட்கிழமை காலை எட்டு மணி. எல்லாம் தயார். கிதியோன்.’

"என்னுதுதான் சார். ஹால்ல இருக்கிற பெரிய கடிகாரம்..."

"கடிகாரமா? போன மாசம் பிரஸ் மெஷின்ல ஒருத்தன் விரல் போச்சு. மெஷினுக்குத் தடுப்பு போடுன்னு யூனியன் குதிக்குது. ஸ்ட்ரைக் வருமான்னு டில்லியிலேருந்து தினம் போன். நீ தேதி, மணியெல்லாம் எழுதி என் மேஜையிலேயே வெச்சிருக்கே! நீதான் தலைவனா?"

கடைசி வார்த்தை கதவைத் தாண்டி, வெளியே நின்ற பியூன் பெருமாள் காதில் போய் விழுந்தது. காலையில் மேஜை துடைக்கும்போது அந்தச் சீட்டையும் அவன் படித்திருந்தான்.

"இல்ல சார், அது வந்து..."

"வாயைத் திறக்காதே! எதுவானாலும் எழுத்துல குடு."

விஷயம் இவ்வளவுதான். ஹால் கடிகாரம் இரண்டு மாதமாக ஓடியது, ஆனால் மணி அடிக்கவில்லை. கிதியோன் அதைச் சரிசெய்து, சுத்தியல் முனையில் புதுத்தோல் ஒட்டியிருந்தார். தோல் காய ஒரு நாள் வேண்டும்; அன்று சனிக்கிழமை, அதனால்தான் திங்கட்கிழமை. மணி அடிப்பதை ஆங்கிலத்தில் ஸ்ட்ரைக் என்றுதான் அவருடைய மெக்கானிக் புத்தகம் சொன்னது.

டைப்பிஸ்ட் மோசஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்த வார்த்தையை ஏம்ப்பா தொட்டே? நெருப்புக்குச்சி கிழிச்சாலும் ஸ்ட்ரைக். ஒருத்தனை அறைஞ்சாலும் ஸ்ட்ரைக். லிஸ்ட்ல பேரை அடிச்சாலும் ஸ்ட்ரைக்."

‘பேரை அடிச்சாலும்’ என்பது மட்டும் கிதியோன் மனதில் தங்கியது. மோசஸ் டைப் அடித்துத் தருகிறேன் என்றதையும் கேட்காமல், தாமே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். ‘யூனியனுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. திங்கட்கிழமை எட்டு மணிக்கு உங்கள் முன்னாலேயே ஸ்ட்ரைக் செய்து காட்டுகிறேன்.’

படித்த ராமசுவாமி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"என்னையே அடிப்பேன்னு எழுதியிருக்கியா? செக்யூரிட்டி!"

செக்யூரிட்டி ஆள் வெளியே கொண்டுவந்து விட்டபோது, லேத்தில் நின்றவர்கள் எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். கான்டீனில் கேட்காமலே இரண்டு வடை வைத்தார்கள். வேலை போகப்போகிறவனுக்கு இரக்கப்படுகிறார்கள் என்று நினைத்தார் கிதியோன். வடையைத் தொடாமலே எழுந்தார்.

ஒரே வழிதான் பாக்கி. மாலையில் யூனியன் ஆபீசுக்கே ஓடினார்.

"நான் உங்க சங்கத்துல இல்லேன்னு ஒரு லெட்டர் குடுங்க தம்பி."

செயலாளர் அய்யாக்கண்ணு அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "புரியுதுண்ணே. பேரு ரெக்கார்டுல இருக்கக் கூடாது. அப்படித்தானே?"

"ஆமா, எங்கேயுமே இருக்கக் கூடாது!"

லெட்டர் உடனே கிடைத்தது. வாசல்வரை வந்து கும்பிட்டு வழியனுப்பினார்கள். அதை எதிர்ப்பக்கம் நின்ற செக்யூரிட்டி ஆள் எழுதிக்கொண்டான்.

மெட்டுகுடா வீட்டில் மனைவி ஹில்டா அழவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "வேலை போச்சுன்னா நம்ம பொண்ணு பேபி கல்யாணம் என்னங்க ஆகும்?" என்று மட்டும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரும் பாட எழுந்து நின்றபோது கிதியோன் மட்டும் உட்கார்ந்தே இருந்தார்.

திங்கட்கிழமை ஏழே முக்காலுக்கு ஹாலில் ராமசுவாமியும் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரும் காத்திருந்தார்கள்.

"சார், கால் மணி நேரம் குடுங்க. அப்புறம் எங்க வேணா கூட்டிட்டுப் போங்க." கிதியோன் ஸ்டூலில் ஏறி, கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். கர்த்தரே, ஏழோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும்.

டங்.

ராமசுவாமி விரல் விட்டு எண்ணினார். எட்டாவது அடி ஓய்ந்ததும் அவர் முகம் மெல்ல மெல்ல விரிந்தது.

"அட, இதுதானாய்யா உன் ஸ்ட்ரைக்!"

விழுந்து விழுந்து சிரித்தார். இன்ஸ்பெக்டரும் சிரித்துக்கொண்டே தொப்பியை எடுத்தார். கிதியோன் ஸ்டூலிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று நாளில் முதல் தடவையாக மூச்சு முழுதாக வந்தது.

மணிச்சத்தம் இவ்வளவு சுத்தமாகக் கேட்கிறதே என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. பக்கத்து ஷெட்டில் ஒரு மெஷின்கூட ஓடவில்லை.

பெருமாள் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"சார், ஒரு ஆள் உள்ள வரல! எல்லாம் கேட்டுக்கு வெளியே நிக்கிறாங்க. அய்யாக்கண்ணு பேசுறேன்னாரு, அவரு நக்கோ, வேணாங்கிறாங்க. தலைவர் கிதியோன் வெளிய வந்து சொன்னாத்தான் வேலைக்கு வருவாங்களாம்!"