பொம்மைக் கடைக்கு டாக்டர் எப்போது வருவார்?

டிப்ளமா முடித்து ஆறு மாதம்கூட ஆகாத இண்டீரியர் டிசைனரை நம்பி யாரும் ஒரு சுவரைக்கூடக் கொடுக்கக் கூடாது. அவள் சொந்தக்காரப் பெண்ணாக இருந்துவிட்டால் அந்தப் பக்கமே விடக் கூடாது. இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. அந்தப் பெண் நான்தான்.

தாராவியில் என் தாய்மாமாவுக்கு ஒரு பொம்மைக் கடை. அத்தையின் பெயரில் ‘செல்வராணி டாய்ஸ்’. பத்துக்குப் பதினைந்தடிக் கடை. உள்ளே எல்லாமே தொங்கும். பந்துகள் வலைப்பையில் தொங்கும், பேட்டுகள் கட்டுக்கட்டாகத் தொங்கும், மூன்று சக்கர சைக்கிள்கள் கூரையிலிருந்து தொங்கும். வாங்க வருகிறவர்கள் தெருவில் நின்றபடியே அண்ணாந்து கை காட்டுவார்கள். அத்தை ஒரு நீளத் துரட்டியை நீட்டி, கேட்டதைக் கொக்கி போட்டு இறக்கிக் கொடுப்பாள். இத்தனை வருடத்தில் யார் தலையிலும் ஒரு பொம்மை விழுந்ததில்லை. ஆனாலும் அந்தக் கடையைப் பார்த்தாலே எனக்கு மூச்சு முட்டும். (படித்த திமிர், வேறென்ன.)

செம்பூரில் எங்கள் வீட்டில் அப்போது என் வேலையைப் பற்றிய பஞ்சாயத்து உச்சத்தில் இருந்தது. அப்பா தீர்ப்பே சொல்லிவிட்டார்: “மாமா கடைய ஒழுங்கா முடிச்சுக் காட்டு, அப்புறம் உன் இஷ்டம். சொதப்பின, ஐரோலி. மாப்பிள்ளை அவர் ஆபீஸ்ல பேசி வச்சிருக்கார். மறுபேச்சு பேசாம போய் உக்காரணும்.” நவி மும்பை ஐரோலியில், அக்கா வீட்டுக்காரரின் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, யாரோ ஒருவரின் புகாருக்கு நம்பர் போட வேண்டும். நினைத்தாலே அழுகை வந்தது.

அதனால் அந்தக் கடையில் என் முழுத் திறமையையும் இறக்கினேன். அங்கேதான் கோளாறு.

சுவருக்கு வெள்ளை, ஓரத்தில் வெளிர் பச்சை. தரைக்கு முகம் பார்க்கும் வெள்ளை டைல்ஸ். வாசலில் உள்ளே இருப்பது தெரியாத பால்நிறக் கண்ணாடிக் கதவு. ஏ.சி.யும் உண்டு. அம்மாக்கள் உட்கார நீளமாக ஒரு பெஞ்ச். அலமாரித் தட்டுக்கு ஒரே ஒரு பொம்மை, அதற்கு மேலே ஒரு விளக்கு. சுவரில் குழந்தைகளின் உயரம் அளக்க ஒரு ஒட்டகச்சிவிங்கி. பெயர்ப்பலகையிலிருந்த கரடி, பலூன் எல்லாவற்றையும் துரத்திவிட்டேன். ‘டாய்ஸ்’ என்ற சொல்கூட எனக்குக் கொச்சையாகப் பட்டது. ‘செல்வராணி’ என்று மட்டும், மெல்லிய பச்சை எழுத்தில்.

மிஸ்திரி வேலைக்கு நடுவில் ஒருநாள், “மேடம், மால் கிதர் ரக்கேகா?” என்று கேட்டார். சரக்கை எங்கே வைப்பது என்ற நியாயமான கேள்வி. “எல்லாம் பரணில்” என்றேன், மகாராணி மாதிரி.

அத்தைக்கு அடங்கவில்லை. “ஏட்டி, சாமான் எல்லாம் மேல இருந்தா இது பொம்மைக் கடைன்னு எப்படித் தெரியும்?”

“ஃபீல் பண்ணுவாங்க அத்தை.”

“என்னத்த ஃபீல் பண்ணுவாவ?”

மாமாதான் எனக்காகப் பரிந்து பேசினார். “சும்மா கெட செல்வராணி. என் மருமவ படிச்சவ.” வருடத்து வியாபாரத்தில் பாதியை தீபாவளிக்கு முந்தைய பத்து நாளில் பார்க்கிற மனுஷர் அவர். அந்தப் பத்து நாளை நம்பி என் கையில் கொடுத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை திறப்பு. நான் வெள்ளை குர்த்தா போட்டு, கையில் நோட்டும் பேனாவுமாக நின்றேன். ஒன்பதரைக்கு முதல் ஆள். தோளில் குழந்தையோடு ஒரு அம்மா. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, அடிமேல் அடி வைத்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். பின்னாலேயே இன்னொருத்தி. பத்து மணிக்குப் பெஞ்ச் நிறைந்துவிட்டது. யாரும் ஒரு பொம்மையையும் தொடவில்லை. ஆகா, என் டிசைனுக்கு எவ்வளவு மரியாதை என்று பூரித்துப்போனேன். (நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். என்னை அடிக்க வேண்டாமா?)

அப்போது வாசலில் ஒரு பையன் ஓலமிட்டான். பொம்மைக் கடை வாசலில் பிள்ளைகள் அழுவது புதிதல்ல. வாங்கித் தா என்று அழும். இவன் கதவைப் பிடித்துக்கொண்டு, “ஊசி வேண்டாம்! ஊசி வேண்டாம்!” என்று அழுதான்.

முதலில் வந்த அம்மா என்னைப் பார்த்து, “ரெண்டு நாளா காய்ச்சல் அடிக்கு சிஸ்டர். செல்வராணி டாக்டரு எப்பம் வருவாவ?” என்றாள்.

கல்லாவில் இருந்த அத்தை நிமிர்ந்தாள். “நாந்தான் செல்வராணி.”

அவ்வளவுதான். அந்த அம்மா எழுந்துபோய்க் குழந்தையைக் கல்லா மேஜைமேல் உட்கார வைத்து, “நாக்க நீட்டு மக்கா” என்றாள். குழந்தை அத்தைக்கு நேராக நாக்கை நீட்டியது. இன்னொருத்தி தன் பிள்ளையை ஒட்டகச்சிவிங்கியிடம் நிறுத்தி உயரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரியாக அந்த நேரம் பார்த்து அப்பா ஸ்வீட் டப்பாவோடு வந்து சேர்ந்தார். வாசலில் இருந்த செருப்பு வரிசையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. “பரவாயில்லையே, இவ்வளவு கூட்டமா!” என்று கதவைத் தள்ளினார். உள்ளே அவர் மகள் வெள்ளை உடையில் நின்றுகொண்டிருக்க, மைத்துனர் மனைவி ஒரு குழந்தையின் நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த இடத்திலேயே ஐரோலி பஸ்ஸின் ஹார்ன் கேட்டது.

அத்தை என்னைத் திட்டவில்லை. “ஏட்டி, ஏணியப் பிடி” என்றாள். பரணிலிருந்து பந்து, பேட்டு, சைக்கிள் எல்லாம் இறங்கின. என் அழகான ஃபால்ஸ் சீலிங்கில் அவளே ஆணி அடித்தாள். ஒவ்வொரு அடியும் என் நெஞ்சில்தான் விழுந்தது. நான் ஏற்கெனவே தூக்கிப்போட்டிருந்த துரட்டியை எங்கிருந்தோ எடுத்து வந்தாள். ஒரு மணி நேரத்தில் கடை பழையபடி மூச்சு முட்டியது. ஊசிப் பையன் கண்ணீரோடு மேலே பார்த்து, “அந்த சிவப்பு பந்து” என்றான். முதல் போணி.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, “இவ வேலை எப்படிம்மா?” என்று அத்தையிடம் கேட்டார். ஐரோலி விவகாரம் அத்தைக்கு நன்றாகத் தெரியும். நான் டைல்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வேலையில குத்தமில்லண்ணே. வந்தவ அத்தன பேரும் நம்பிட்டாளுவள்லா. என்ன, இவ கெட்டினது ஆஸ்பத்திரி. அடுத்ததுல சரியாயிரும்.”

பாவி, கண்ணீர் வந்துவிட்டது எனக்கு. அப்பா ஐரோலிப் பேச்சை அதோடு விட்டுவிட்டார். அந்த தீபாவளி வியாபாரமும் பிழைத்தது. ஆனால் எங்கள் வீட்டில் யார் தும்மினாலும், “செல்வராணி டாக்டர்ட்ட காட்டு” என்று ஒரு குரல் வரும். அந்தச் சந்தில் அத்தைக்கு இன்றைக்கும் பெயர் டாக்டரம்மாதான்.

போன வருடம் அதே சந்தில் நிஜமான குழந்தை டாக்டர் ஒருவர் கிளினிக் திறந்தார். டிசைன் நான்தான். பிள்ளைகள் பயப்படக் கூடாதே என்று கூரை முழுக்கப் பந்தும் பொம்மையுமாகத் தொங்கவிட்டேன். திறந்த அன்றே டாக்டரிடமிருந்து போன். ஒரு அம்மா உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டு, பேட்டரி கார் காட்டினால்தான் போவேன் என்கிறாராம்.

“நாலு கடை தள்ளி செல்வராணி டாக்டர் இருக்காங்க, அங்க அனுப்புங்க” என்றேன்.