மாமனாரின் கால் ஆர்மோனியத்தை நான் சரிசெய்த கதை

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டைக் கட்டி மேய்க்கிறவனுக்கு வேறெந்த இயந்திரமும் ஒரு பொருட்டல்ல என்று நம்பியவன் நான். தப்புதான். ஆனால் அன்றைக்கு நடந்த அத்தனைக்கும் நான் ஒருவன்தான் காரணம் என்றால், அதை இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என் மனைவி மல்லிகாவுக்கு அவள் அப்பா விட்டுப்போனது ஒரு கால் ஆர்மோனியம். காலால் மிதித்தால் துருத்தி காற்றைத் தள்ளும். கட்டையை அழுத்தினால் உள்ளே பித்தளை நாக்கு அதிர்ந்து பாடும். எங்கள் மகள் கவிதாவின் நிச்சயதார்த்தத்தில் அதை வாசித்துப் பாட மல்லிகாவுக்கு ஆசை. பாதிக் கட்டைகளோ இருமின.

"மேல்பட்டாம்பாக்கத்துல ஒரு பாய் ரிப்பேர் பண்றாராம். குடுத்துடலாங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "இருபத்தெட்டு வருஷ மெக்கானிக்கல் நான். இந்தப் பொட்டிக்கு வெளியாளா?"

ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸ் ஹாலில் பிரித்துப் பரப்பினேன். ஒவ்வொரு நாக்கிலும் எண் எழுதிய காகிதம் ஒட்டினேன். (இதுவரை யாரும் குறை சொல்ல முடியாது.) பிறகு பச்சைக் களிம்பு போக, மொத்தத்தையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் நாக்குகள் தங்கமாக மின்னின. எண்கள் தனியாக மிதந்துகொண்டிருந்தன.

மல்லிகாவிடம் சொல்லவில்லை. நீளமானது இடப்பக்கம், குட்டையானது வலப்பக்கம் என்று மாட்டினேன். சந்தேகம் வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு மாட்டினேன்.

"வாசிச்சுப் பாக்கட்டுமா?" என்று தினமும் கேட்டாள்.

"துருத்தியில பசை காயணும்" என்று நிச்சயதார்த்தம் வரை ஓட்டினேன்.

அன்று சம்பந்தி வீட்டார் வரிசையாக உட்கார்ந்திருக்க, மல்லிகா காலால் மிதித்து முதல் கட்டையை அழுத்தினாள். பெட்டியின் அடிவயிற்றிலிருந்து ஒரு ஓலம் கிளம்பியது. பயந்து விரலை எடுத்தாள், கட்டை எழவில்லை. காலை எடுத்தாள், துருத்தியில் மிச்சமிருந்த காற்று தீரும்வரை ஓலம் நீண்டது. சுரங்கத்தில் ரிட்டயர் ஆன சம்பந்தி, ஷிப்ட் சைரன் என்று பழக்க தோஷத்தில் எழுந்து வாட்சைப் பார்த்தார்.

அவருடைய அக்கா முகம் இறுகியது. "இன்னாங்க இது, நல்ல காரியத்துக்கு வந்து குந்திகினு இருக்கோம், சங்கு ஊதறீங்க?"

தட்டு மாற்றவில்லை. கவிதா கண்கலங்கி என்னையே பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, எண்கள் மிதந்ததை எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். சம்பந்தி முதலில் சிரித்தார். கடைசியில் அந்த அக்காவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தட்டு மாறியது.

மறுநாள் மல்லிகா நாக்குகளைக் கழற்றி, ஒவ்வொன்றாக வாயில் வைத்து ஊதி, சுரம் பார்த்து வரிசைப்படுத்தினாள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"இது தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று கொதித்தேன்.

"நீங்க எங்க கேட்டீங்க?"

இப்போது எங்கள் வீட்டு ஸ்குரூ டிரைவர் பீரோவில், நகைகளோடு பூட்டியிருக்கிறது. போன வாரம் சமையலறை ஸ்விட்ச் ஆடியது. மாப்பிள்ளை வந்துதான் முடுக்கினார். அந்த இருபத்தெட்டு வருஷ மெக்கானிக்கல், டார்ச் பிடித்துக்கொண்டு நின்றது. "மாமா, நேரா புடிங்க" என்றார் மாப்பிள்ளை.